பிள்ளையார் கோயில் வரை 210 அடி

எங்கள் வாசலிலிருந்து தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை 210 அடி. ஸ்கேல் வைத்து அளக்கும் அடி இல்லை, அப்பாவின் காலடி.

2023 பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே பயிற்சி. மே மாதம் பிசியோதெரபிஸ்ட், "இனிமே வீட்டுக்குள்ள சுத்தினது போதும்மா. வெளியில கூட்டிட்டுப் போங்க. சமமான தரையா இருக்கணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை" என்றார். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். எதையும் எண்ணி, நேரம் பார்த்துச் செய்கிற மனிதர். கோயில் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று அவரே இலக்கு வைத்துக்கொண்டார்.

சென்னையின் தென்மேற்கில், வீட்டு வசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்த பழைய குடியிருப்பு எங்களுடையது. அகலமான தெரு. ஒரு வருடம் முன்புதான் பேவர் பிளாக் பதித்துப் புது பிளாட்பாரம் போட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் வீல்சேர் ஏறும்படி சரிவுகூட வைத்திருந்தார்கள். அதனால் அப்பாவை நடக்க வைப்பது கஷ்டமாக இருக்காது என்றே நினைத்தேன்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கு வாக்கரோடு இறங்கினோம். பிளாட்பாரத்தின் மேல் என்னென்ன நின்றன என்று அன்று இரவே நோட்டில் எழுதினேன். பக்கத்து டிராவல்ஸ்காரரின் டெம்போ டிராவலர் ஒன்று. முழுசாக மேலே ஏறி நின்ற கார் ஒன்று. இரண்டு சக்கரத்தை மட்டும் மேலே ஏற்றி நின்ற கார் இன்னொன்று. டீயும் டிபனும் போடும் மெஸ் வாசலில் பதினொரு பைக்குகள். ஓரமாகப் பூக்கார அம்மாவின் கூடையும் ஸ்டூலும். 210 அடிக்குள் அப்பா ஆறு தடவை ரோட்டில் இறங்கி ஏற வேண்டியிருந்தது.

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சமதரையில் நடப்பதைவிடப் படி இறங்குவது பல மடங்கு சிரமம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பாதம் தூக்காது. எங்கள் பிளாட்பாரம் முக்கால் அடி உயரம். மூன்றாவது தடவை இறங்கும்போது வாக்கரின் கால் மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. அப்பா விழவில்லை. ஆனால் அவர் தோளைப் பிடித்திருந்த என் கைக்குள் அந்த நடுக்கம் வந்துவிட்டது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லித் திரும்பியவர் அதற்கப்புறம் ஒன்பது நாள் வாசலுக்கே வரவில்லை.

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். மத்திய அரசின் அறிக்கையில் இருக்கும் இந்த எண்ணைப் பின்னால் படித்தேன். அவர்களில் எத்தனை பேர் நடக்க வேறு இடமில்லாமல் ரோட்டில் இறங்கியவர்கள் என்ற கேள்வி அப்போது எனக்குள் வந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சக்கரத்தை மேலே ஏற்றி நின்ற அந்தக் கார் எங்களுடையது.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு, நான்கு கார் இடம். எங்களுக்கு இடம் இல்லை என்று தெரிந்தேதான் கார் வாங்கினோம். ரோட்டில் முழுசாக விட்டால் லாரி உரசிவிடும் என்று நான்தான் நான்கு வருடமாக அப்படிப் பாதி ஏற்றி விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட உறுத்தவில்லை. அந்த வழியாக வாக்கரோடு யாராவது போயிருப்பார்கள். நான் பார்த்ததில்லை. அந்த வாரமே இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் மாதம் 2,000 ரூபாய் வாடகைக்கு இடம் பிடித்தேன். காரை எடுக்க ஏழு நிமிஷம் நடக்க வேண்டும். இந்த விஷயத்தில் இறங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டு வண்டியை எடுத்துவிட வேண்டும். இதை நல்லொழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்ததுமே எல்லோரும் கேட்ட முதல் கேள்வி "உங்க வண்டி எங்கே நிக்குது?" என்பதுதான்.

அப்புறம் நான் செய்தது பெரும்பாலும் தப்புதான். முழுசாக ஏறி நின்ற காரின் சொந்தக்காரரிடம் எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டேன். "ரோடு என்ன உங்க வீட்டுதா மேடம்? போலீஸ்ல போய்ச் சொல்லுங்க" என்றார். மெஸ்ஸில் சாப்பிட வந்த பையன்களிடம் தினமும் கேட்டேன். எல்லோரும் மரியாதையாக "ரெண்டே நிமிஷம்க்கா" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம்தான், பொய் இல்லை. ஒருவர் எடுத்தால் அடுத்தவர் வந்து நிற்பார். அப்பாவுக்கு அந்த இடம் என்றைக்கும் காலியாக இருந்ததில்லை.

போலீஸில் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். போக்குவரத்துக் காவல்துறையின் ஆப்பில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 41 படம் அனுப்பினேன். படம் எடுப்பதில் சில விஷயங்கள் போகப் போகத்தான் பிடிபட்டன. நம்பர் பிளேட், பிளாட்பாரம், தெருப் பெயர்ப் பலகை மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும். பத்து நிமிஷம் விட்டு இன்னொரு படம் எடுத்தால் "இப்பத்தான் நிறுத்தினேன்" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. ஆட்களின் முகம், குறிப்பாகக் குழந்தைகள், படத்தில் விழக் கூடாது. வண்டிக்காரர் பக்கத்தில் இருக்கும்போது எடுக்கவே வேண்டாம், பேச்சு கைகலப்பாகிவிடும்.

சில வண்டிகளுக்குச் சலான் போனது. ஆனாலும் வண்டிகள் அங்கேயேதான் நின்றன. ஏன் என்று டிராவல்ஸ்காரரே ஒரு நாள் கோபமே இல்லாமல் சொன்னார். "மூணு சலான் வந்துச்சு மேடம், கட்டிட்டேன்." தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத்தை உயர்த்திய பிறகு முதல் தடவைக்கு 500 ரூபாய், மறுபடி செய்தால் 1,500. அவர் கட்டியது மொத்தம் 3,500. நான்கு மாதம், 122 நாள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 29 ரூபாய்கூட வரவில்லை. நான் கார் விடும் மனையில் வேனுக்கு மாதம் 4,000 கேட்கிறார்கள், நாளுக்கு 133 ரூபாய். பிளாட்பாரத்தில் விட்டு அபராதம் கட்டுவதுதான் அவருக்கு லாபம். அதற்கப்புறம், அபராதத்தை இன்னும் ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடிவதில்லை. ஐநூறு ரூபாயே போதும். அது நூற்றியிருபது நாளில் மூன்று தடவை வராமல், வாரம் மூன்று தடவை வர வேண்டும். வரும் என்று வண்டிக்காரருக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

அக்டோபரில் அந்த முழுசாக ஏறி நின்ற காரின் கதவில் யாரோ சாவியால் கோடு இழுத்துவிட்டார்கள். சந்தேகம் நேராக என் மேல் வந்தது. தெருவில் படம் எடுத்துக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதானே. காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எதிர்வீட்டு கேமரா பதிவைக் காட்டிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. டயரில் காற்றை இறக்குவது, கண்ணாடியை மடக்கி உடைப்பது, வைப்பரைத் தூக்கி வைப்பது என்று யோசனை சொல்கிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். அதுவரை தப்பு செய்தவர் புகார்காரராகி, நீங்கள் குற்றவாளியாகி உட்கார்ந்திருப்பீர்கள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நவம்பரில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கும் அரசின் 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புத் துறையின் 1100 எண்ணுக்கும் புகார் கொடுத்தேன். 'பிளாட்பாரத்தில் ஆக்கிரமிப்பு, முதியவர்கள் நடக்க முடியவில்லை' என்று பொதுவாக எழுதியிருந்தேன். நான்கைந்து நாளில் வண்டியோடு ஆட்கள் வந்தார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் டெம்போ டிராவலர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, கார் நிற்கிறது, பைக்குகள் நிற்கின்றன. பூக்கார அம்மா மட்டும் இல்லை. அவருடைய ஸ்டூலையும் பலகையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். 'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது' என்று என் புகாரை முடித்து எனக்குக் குறுஞ்செய்தியும் வந்திருந்தது.

அந்த அம்மா உட்கார்ந்திருந்தது மூன்றடிக்கு இரண்டடி இடம். அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் எழுந்து தன் ஸ்டூலைத் தள்ளிக் கொடுப்பவர் அவர்தான். "உட்காருங்கய்யா, அவசரம் என்ன" என்பார். வண்டிக்காரர்களில் ஒருவர்கூட அப்படி ஒரு நாள் கேட்டதில்லை. என் கையெழுத்துப் போட்ட புகாரால் அவர் பிழைப்புப் போனது.

மறுநாள் காலையில் வீட்டைத் தேடிப் போனேன். "நீ என்னம்மா பண்ணுவே, உங்கப்பாவுக்காகத்தானே எழுதினே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஒரு வியாபாரியை அப்புறப்படுத்த முடியாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது அப்போதுதான், காலம் தாழ்ந்து. வியாபாரி அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, வார்டு அலுவலகத்துக்கு அவரோடு நானும் நாலு தடவை அலைந்தேன். ஐந்து வாரம் கழித்து அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார். அந்த ஐந்து வாரத்துக்கான வருமானத்தை யார் கொடுப்பது?

விதியை அமல்படுத்து என்று பொதுவாகக் கேட்டால், தூக்க எளிதானதைத்தான் முதலில் தூக்குகிறார்கள். டெம்போ டிராவலரைத் தூக்க இழுவை வண்டி வேண்டும், சொந்தக்காரர் நாலு பேருக்குப் போன் போடுவார். கூடையைத் தூக்க ஓர் ஆள் போதும். அதனால் மனுவில் எதை எடுக்க வேண்டும் என்பதோடு எதை எடுக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். நான் அதற்கப்புறம் எழுதிய ஒவ்வொரு மனுவிலும் 'மோட்டார் வாகனங்கள் மட்டும்' என்றும், 'பூ வியாபாரி நடப்பவர்களுக்கு இடைஞ்சலாக இல்லை' என்றும் தனி வரியாக எழுதினேன்.

2024 தொடக்கத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். காவல்துறைக்குப் போட்டது வீணாகிவிட்டது. எங்கள் தெருவில் எத்தனை பார்க்கிங் வழக்கு என்று கேட்டேன், தெருவாரியாகக் கணக்கு வைப்பதில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கேட்க வேண்டும். மாநகராட்சிக்குப் போட்டது உதவியது. பிளாட்பாரத்தின் அகலம் என்ன, நடக்க எவ்வளவு விட்டிருக்க வேண்டும், நடுவில் வேறு எதற்காவது அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தேன். அகலம் 1.8 மீட்டர், எந்த அனுமதியும் இல்லை என்று முத்திரையோடு தாள் வந்தது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வரையறையிலும் நடைபாதைக்குக் குறைந்தபட்ச அகலம் இதே 1.8 மீட்டர்தான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனபோது வார்டு உதவிப் பொறியாளர் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். அவரும் நல்ல மனிதர்தான். "பிளாட்பாரம் போடறது எங்க வேலை. நிறுத்தினவன் மேல கேஸ் போடறது போலீஸ் வேலை. போலீஸைக் கேட்டா, கார்ப்பரேஷன் கம்பி நட்டா நாங்க ஏன் நிக்கணும்னு கேக்கறாங்க" என்றார். எங்கள் தெருவின் பிரச்சினை மொத்தமும் அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது. இரண்டு துறைக்கும் தனித்தனியாக மனுக் கொடுப்பதை அன்றோடு நிறுத்தினேன். வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தில், கவுன்சிலர் முன்னால், இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே மனு. கேட்டதும் ஒன்றே ஒன்று: கார் ஏற முடியாதபடி பிளாட்பார ஓரத்தில் இரும்புத் தூண்கள். கையெழுத்து 37. பூக்கார அம்மா, எதிர்க் கட்டட வாட்ச்மேன் அண்ணன், பால் போடும் தம்பி எல்லோரும் போட்டார்கள். மெஸ்காரரும் போட்டார்.

மெஸ்காரரை ஒப்புக்கொள்ள வைத்த கதைதான் எனக்குப் பிடித்தது. தூண் நட்டால் கார் ஏறாது, ஆனால் பைக் ஏறும். வீல்சேர் நுழையக் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில் பைக்கும் தாராளமாக நுழைந்துவிடும். இடைவெளியைக் குறைத்தால் வெளியே நிற்கப்போவது அப்பா மாதிரி ஆட்கள்தான். இதற்குப் பொறியாளரிடமும் விடை இல்லை. ஒரு மத்தியானம், மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மெஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, பைக்கை எங்கே நிறுத்தினா உங்களுக்கு வியாபாரம் கெடாது?" என்று மட்டும் கேட்டேன். அதுவரை நான் அவரிடம் பேசியதெல்லாம் எங்கே நிறுத்தக் கூடாது என்பதைப் பற்றித்தான். அவர் வெளியே வந்து ரோட்டைக் காட்டினார். கடைக்கு நேர் எதிரே ரோட்டோரம் இரண்டு கார் நாள் முழுக்க நிற்கும். அந்த இடம் கிடைத்தால் பைக் பன்னிரண்டு நிற்கும், பிளாட்பாரம் தனக்குத் தேவையே இல்லை என்றார்.

போக்குவரத்து எஸ்.ஐ.யிடம் கேட்டோம். தெருவில் நிறுத்தத் தடை இல்லாத பக்கம்தான் அது, பைக்குக்கு என்று கோடு போட்டுக்கொள்ளலாம் என்றார். மெஸ்காரர் முதலில் கயிறு பிடித்துச் சுண்ணாம்பில் கோடு போட்டார். கடைப் பையன் ஒருவனை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வாசலில் நிறுத்தினார். "அண்ணா, அந்தக் கட்டத்துக்குள்ள விடுங்க." நான் ஆறு மாதம் கெஞ்சியும் நடக்காதது பத்து நாளில் நடந்தது. சாப்பிட வருகிறவர்கள் என் பேச்சைக் கேட்க ஒரு காரணமும் இல்லை, சோறு போடுகிற கடையின் பேச்சைக் கேட்பார்கள். வண்டி நிறுத்துகிறவர் தினமும் மாறுவார். அவரை அங்கே வரவைக்கிற கடையோ, கிளினிக்கோ, டியூஷன் சென்டரோ மாறுவதில்லை. பேச வேண்டியது அவர்களிடம்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் தூண்கள் வந்தன. நடுகிற அன்று நான் லீவு போட்டு நின்றேன். நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றால், இரண்டு முனைச் சரிவிலும் நட்டநடுவில் ஒரு தூண் வைக்கக் குழி தோண்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு வீல்சேரை இரவல் வாங்கி ஓட்டிக் காட்டிய பிறகு ஒரு கை அளவு தள்ளி நட்டார்கள். வேலை நடக்கும் நாளில் கூட நில்லுங்கள். வரைபடம் ஒன்று சொல்லும், குழி வேறோர் இடத்தில் விழும்.

டெம்போ டிராவலர் இப்போது அந்தக் காலி மனையில் எங்கள் காருக்குப் பக்கத்தில் நிற்கிறது. டிராவல்ஸ்காரர் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை, ஏற வழியில்லை, அவ்வளவுதான். என்னைப் பார்த்தால் தலையசைக்கிறார், நானும் அசைக்கிறேன். அந்தக் கார்க்காரர் இன்னும் பேசுவதில்லை.

அப்பா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். 190 அடி வரை இறங்காமல் நடக்கிறார். கடைசி இருபது அடியில் முனை வீட்டுக்காரர் தன் காரை ஏற்ற பிளாட்பாரத்தைக் குறுக்கே வெட்டி வழவழப்பான கிரானைட் சரிவு போட்டிருக்கிறார். கைத்தடி வழுக்குகிறது. அந்த இடத்தில் மட்டும் ரோட்டில் இறங்குகிறோம், நான் அப்பாவுக்கு வலப்பக்கம், வண்டி வரும் பக்கமாக நடக்கிறேன்.

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இருபது அடிக்கும் சேர்த்துத்தானே?" என்று கேட்டார். மனு எழுதிவிட்டேன். முனை வீட்டுச் சரிவைப் பற்றி மட்டும், வேறு எதையும் தொடாமல். பூக்கார அம்மாவைப் பற்றிய வரி இதிலும் இருக்கிறது. கையெழுத்து வாங்க நாளைக் காலையில் முதலில் போகப்போவது முனை வீட்டுக்குத்தான். சரிவைச் சொரசொரப்பாக்கித் தாழ்த்தினால் அவர் காரும் ஏறும், அப்பாவும் நடக்கலாம். படம் வரைந்து வைத்திருக்கிறேன்.